படத்துக்குச் சத்தம் கிடையாது

குதிரையை அறுத்துச் சாப்பாடு போட்டவனிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ள எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் ஆறு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

வந்தவர்கள் மின்சாரக் கம்பெனிக்காரர்கள். ஊருக்கு மேலே, இரண்டு பாறைகளுக்கு நடுவில் ஆறு ஒடுங்கி இறங்கும் இடத்தில் ஓர் அணை கட்டப்போவதாகச் சொன்னார்கள். அணை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் ஆட்டுப்பட்டிச் சுவரைவிடக் கொஞ்சம் உயரம், அவ்வளவுதான். அங்கே தண்ணீரை மறித்துக் குழாயில் திருப்பி, மலைச்சரிவோடு ஊரைத் தாண்டிக் கொண்டுபோய், கீழே பெரிய ரோட்டோரம் கட்டும் மின்நிலையத்தில் விழவைப்பார்களாம். அங்கிருந்து தண்ணீர் மறுபடி ஆற்றிலேயே சேர்ந்துவிடுமாம்.

"ஒரு சொட்டு குறையாது, பெரியப்பா. எடுத்ததை அப்படியே திருப்பிக் குடுத்துடுவோம்" என்றான் ரினாத். கம்பெனி சார்பில் பேச வந்தவன் அவன்தான். முப்பது வயது இருக்கும். எதைச் சொன்னாலும் பல் தெரியச் சொல்வான். அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஒரு சொட்டுகூடக் குறையவில்லை. எடுக்கிற இடத்துக்கும் திருப்பிக் கொடுக்கிற இடத்துக்கும் நடுவில்தான் எங்கள் அர்ச்சாலி கிராமம் இருக்கிறது என்பது மட்டும் அன்றைக்கு எங்கள் மண்டையில் ஏறவில்லை. மண்டை முழுக்க இறைச்சி வாசனை.

"வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பூமிக்கும் தண்ணிக்கும் பலி குடுக்கணும்ல. உங்க வழக்கத்தை நாங்க மீறுவமா?" என்று சொல்லி, கொழுத்த பெண்குதிரை ஒன்றை ஆற்றங்கரைக்கு ஓட்டிவந்தான். அடுப்பில் கொப்பரைகள் ஏறின. பெண்கள் நாங்கள் குடலைக் கழுவினோம். அந்த ஆற்றுத் தண்ணீரில்தான் கழுவினோம்.

சாப்பாடு முடிந்தால் ஆசி சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் அதற்கு வாய் என்றால் எங்கள் கிழவர் வாய்தான். அவர் பேர் இசாபெக். நான் அந்தப் பேரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டதில்லை. கல்யாணமான புதிதில் "இந்தாங்க". தாடி வெளுத்த பிறகு ஊராரிடம் பேசும்போது "எங்க கிழவர்". கொடுப்பதில் கஞ்சத்தனம் தெரியாத மனுஷன். ஆட்டை விற்கும்போது பேரம் பேசத் தெரியாது, ஆசியை மட்டும் அள்ளிக் கொடுப்பார்.

அவர் கையேந்தினார். நாங்களும் ஏந்தினோம். உள்ளங்கை இரண்டும் மேலே பார்க்க, முகத்துக்கு நேராக. ஆசி சொல்லும்போது கையேந்தாமல் கிடப்பவன் எங்கள் ஊரில் பிணம் மட்டும்தான்.

"குடுத்தவன் பட்டி நிறையட்டும். வந்தவங்க வழியில கல்லு முள்ளு இல்லாம இருக்கட்டும். எடுத்த காரியம் கைகூடட்டும். ஓமீன்."

"ஓமீன்", அப்படியே ஆகட்டும் என்று சொல்லி நாங்கள் எல்லோரும் முகத்தை வழித்துக்கொண்டோம். அதற்கு முன்னால், கைகள் அந்தரத்தில் இருந்தபோதே, ரினாத் லாரி மேல் ஏறி நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தான். படம் எடுக்கிறானே என்று பக்கத்து வீட்டுத் தோத்துகான் ஒரு கையால் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, மறுபடி அவசரமாகக் கையேந்தினாள்.

அந்த அணையில் என் மகன் பகாஸும் வேலை செய்தான். குழாய்களைப் பற்றவைத்து ஒட்டியவர்களில் அவனும் ஒருவன். ரஷ்யாவில் கட்டிட வேலையில் வருஷக்கணக்காகக் கிடந்துவிட்டு, இனிமேல் போவதில்லை என்று திரும்பி வந்தவன். அங்கே அவனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லையாம். எங்கள் கல் மேட்டில் கடப்பாரையால் குழி போட்டு, கழுதை மேல் மண் சுமந்து கொட்டி, பழுத்தால் கன்னம் சிவக்கும் நல்ல ஜாதிச் சர்க்கரைப் பாதாமி மரங்களை நட்டான். ஒவ்வொரு கன்றையும் ஆடு கடிக்காமல் முள் கட்டிக் காப்பாற்றினான். அணை முடிந்த வசந்தத்தில்தான் அவை முதன்முதலாக முழுசாகப் பூத்தன. பூவைப் பார்த்துவிட்டு அவன் பெண் பார்க்கச் சொன்னான். நானும் பக்கத்துக் கிராமத்தில் ஒருத்தியை மனதுக்குள் குறித்து வைத்திருந்தேன்.

பூ உதிர்ந்த நேரத்தில் அணையை மூடினார்கள்.

காலையில் வாய்க்காலுக்குப் போன பகாஸ் மண்வெட்டியைத் தோளில் வைத்தபடியே திரும்பி வந்தான். அன்றைக்கு எங்கள் வீட்டு முறைத் தண்ணீர். "யாராவது மேல மடையைத் திருப்பிட்டாங்களா?" என்று கேட்டேன். "ஆத்தையே திருப்பிட்டாங்கம்மா" என்றான்.

போய்ப் பார்த்தோம். ஆறு இருந்த இடத்தில் வெள்ளைக் கற்கள். நடுவில் அங்கங்கே குட்டை, குட்டையில் மூச்சுக்குத் தவிக்கும் மீன். அணையின் அடியில் மீனுக்கென்று ஓர் ஓட்டை விட்டிருந்தார்கள். அதில் வருகிற தண்ணீர் என் கெண்டைக்கால் தடிமன். எங்கள் வாய்க்கால் தலைப்புக்கு வருவதற்குள் கற்களே குடித்துவிடும்.

தண்ணீர் எங்கேயும் போய்விடவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். ஊருக்குப் பின்னால், எங்கள் தோட்டத்தின் மேல் விளிம்பை ஒட்டியே அந்தக் குழாய் போகிறது. காதை வைத்தால் உள்ளே ஆறு ஓடுவது கேட்கும். வெயில் ஏற ஏற இரும்பு வேர்க்கும். ஆடுகள் வரிசையாக நின்று அந்த வேர்வையை நக்கும். தோத்துகான் பால் கெடாமல் இருக்கப் பாத்திரத்தைக் கொண்டுவந்து குழாயில் சாய்த்து வைப்பாள். "பனிப்பெட்டி வாங்கிக் குடுத்திருக்காங்கடி நமக்கு" என்பாள். குழாய்க்கு மூன்றடி இந்தப் பக்கம் பகாஸின் மரங்கள் இலையைச் சுருட்டிக்கொண்டு நின்றன.

பகாஸ் மின்நிலையத்துக்குக் கீழே போய், ஆறு மறுபடி ஆறாகிற இடத்தில் கேன்களை நிரப்பிக் கழுதை மேல் ஏற்றி வருவான். ஒரு மரத்துக்கு ஊற்றிவிட்டு அடுத்ததற்குப் போவதற்குள் முதல் மரத்தடி காய்ந்துவிடும். பிஞ்சுகள் கொட்டின. நான் பெருக்கி அள்ளினேன்.

"பழைய மேஸ்திரி போன் பண்ணாரும்மா" என்றான் ஒரு மத்தியானம், டீக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே. "ரஷ்யாவுல ஆள் வேணுமாம்."

"தண்ணி வந்துட்டா?"

"வந்துட்டா நான் ஏன் போறேன்? நீ செருப்பால அடிச்சு வெரட்டினாலும் போமாட்டேன்."

இது போதும் எனக்கு. கிழவரையும் அவனையும் இழுத்துக்கொண்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன்.

அங்கே இருந்த அதிகாரியம்மாள் எங்கள் இனத்துப் பெண்தான். டீ கொடுத்து உட்காரவைத்தாள். கிழவர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, ஒரு படத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். "உங்க ஊரே சம்மதம் சொல்லியிருக்கே, ஐயா."

படத்தில் நாங்கள் எல்லோரும் இருந்தோம். ஆற்றங்கரையில், கையைத் தூக்கியபடி. பக்கத்தில் நின்ற ரினாத்தின் ஆட்கள் மட்டும் தூக்கவில்லை. தோத்துகானின் ஒரு கை தலைத்துணியில். கீழே, 'கூட்டத்தில் கை உயர்த்தி ஒப்புதல்' என்று அச்சடித்திருந்தது.

கிழவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். "இது ஆசி வாங்குறதும்மா" என்றார்.

"ஒத்தக் கை தூக்குனா போதும்னா, நாங்க ரெண்டு கையையும் தூக்கியிருக்கோம். எவ்வளவு ஆசை பாருங்க எங்களுக்கு" என்றான் பகாஸ்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "எனக்குத் தெரியாதா, தம்பி? எங்க அப்பா முன்னாடி நானும் இப்படித்தான் கையேந்தி வளர்ந்தேன். ஆனா படத்துக்குச் சத்தம் கிடையாதே. ஓமீன்னு அதுல கேக்கலையே." பிறகு வழி ஒன்று சொன்னாள். மறுபடி கூட்டம் போடச் சொல்லி மனுக் கொடுக்கலாம். அவளே வந்து நடத்துவாள். ஊரில் பாதிப் பேருக்கு மேல் கேட்டால், கோடை முழுக்க ஆற்றுத் தண்ணீரை ஆற்றிலேயே விடவேண்டும் என்று உத்தரவு போட அவளுக்கு அதிகாரம் உண்டு.

எனக்கு உயிர் வந்தது. பாதிப் பேர் என்ன, ஊர் முழுக்கக் கேட்குமே. வீடு வரும்வரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தேன். "படத்துக்குச் சத்தம் கிடையாது" என்று கிழவர் ஒருதரம் தனக்குள் சொல்லிக்கொண்டார். அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

படம் விஷயம் ஊருக்குத் தெரிந்ததும் ஏச்சு முழுக்க அவர் தலையில் விழுந்தது. "உங்க வாய்க்கு இம்புட்டு சக்தின்னு எங்களுக்குத் தெரியாமப் போச்சே, அண்ணே" என்றாள் தோத்துகான், காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு. "காரியம் எப்படிக் கைகூடியிருக்கு பாருங்க."

இன்னும் சிலர் கொடுத்ததைத் திரும்ப வாங்கச் சொன்னார்கள். எங்களிடம் அதற்கும் வழக்கம் உண்டு. உள்ளங்கையை மறைத்துப் புறங்கையைக் காட்டிச் சொன்னால் அது சாபம். "ஒருதரம் புறங்கையைக் காட்டிடுங்க, அணை தூள் தூளாப் போயிடும்" என்று கெஞ்சினார்கள்.

"அந்தக் குழாயை ஒட்டுனது என் மவன் கை" என்றார் கிழவர். "சாபம் குழாயோட நின்னுடும்னு எவன் சொன்னான்?"

அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. ஆனால் அவருக்குள் ஏதோ ஓடிக்கொண்டே இருந்தது. கூட்டத்துக்கு முந்தின நாள், நான் சுட்ட ரொட்டி ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். எல்லோரிடமும் ஒரே பேச்சு.

"நாளைக்கு அவங்க என்ன கேட்டாலும் சரி, யாரும் கையைத் தூக்கக் கூடாது. வேணும்னா தூக்குங்கம்பாங்க, வேணாம்னா தூக்குங்கம்பாங்க. படத்துல ரெண்டும் ஒண்ணுதான். தூக்குன கையைத்தான் அவங்க எடுத்துட்டுப் போவாங்க. நாம வாயால சொல்லுவோம். ஊரே ஒரே குரலாச் சொன்னா அதை எவனும் திருப்ப முடியாது."

சொல்லிவிட்டு ரொட்டியை நீட்டினார். ஒவ்வொருவரும் அதன் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தார்கள். பகாஸும் செய்தான். ரொட்டி மேல் செய்த சத்தியத்தை எங்கள் ஊரில் குடிகாரன்கூட மீறமாட்டான். எனக்கு அவர் பேச்சு அவ்வளவு நியாயமாகப் பட்டது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் நிமிர்ந்து நடந்தார். என்னிடம் மட்டும் சத்தியம் வாங்கவில்லை. வீட்டுக்காரிக்கு எதற்கு என்று நினைத்திருப்பார்.

கூட்டம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. சின்னப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தோம். அதிகாரியம்மாள் சொன்ன சொல் தவறாமல் வந்திருந்தாள். ரினாத்தும் வந்திருந்தான். ஜன்னலோரம் போனைப் பிடித்தபடி நின்றான். பார்க்கிறவர்களுக்கெல்லாம் வணக்கம் சொன்னான்.

"கோடையில தண்ணியை ஆத்துலயே விடணும்னு கேக்குறவங்க கையைத் தூக்குங்க" என்றாள் அந்த அம்மாள்.

"விடணும்" என்று ஊர் மொத்தமும் சொன்னது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

அவள் முகம் மலர்ந்தது. "கேட்டுச்சு. நல்லாக் கேட்டுச்சு. இப்பக் கையைத் தூக்குங்க, எண்ணிக்கிறேன்."

ஒரு கையும் எழவில்லை. தோத்துகான் தன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். ஆண்கள் கைகளைச் சட்டைக் கைக்குள் இழுத்துக்கொண்டார்கள்.

"விடணும்" என்றார்கள் மறுபடியும்.

"அம்மாமாரே, சத்தத்தை நான் எண்ண முடியாது. கைதான் கணக்கு. சட்டம் அப்படி."

கிழவர் எழுந்தார். "அன்னிக்குக் கை இருந்துச்சு, சத்தம் இல்லேன்னீங்க. இன்னிக்குச் சத்தம் இருக்கு, கை இல்லேங்கறீங்க. நாங்க எதைத்தான்மா கொண்டாரது?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். ரினாத்தைப் பார்த்து, "அந்தப் போனை உள்ள வைங்க" என்றாள்.

"பொதுக்கூட்டம், மேடம். படம் எடுக்கலாம்" என்றான் அவன். பல் தெரிந்தது.

அவள் மூன்றாம் தரமும் கேட்டாள். கிட்டத்தட்டக் கெஞ்சினாள். எல்லோரும் கிழவரைப் பார்த்தார்கள். அவர் கைகள் முழங்கால் மேல் கிடந்தன. நான் முழங்கையால் இடித்து, "தூக்குங்க, நீங்க தூக்குனா எல்லாரும் தூக்கிடுவாங்க" என்றேன், காதோடு. அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "அவன் காத்துட்டு இருக்கான், பாரு" என்றார்.

பின்னால் சுவரோரம் பகாஸ் நின்றான். அவன் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் பையில் விட்டுக்கொண்டு, வெளியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். முதல்தரம் ரஷ்யா போவதற்கு முன்னால் அப்படித்தான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் எழுந்து நின்றேன். கையைத் தூக்கினேன். ஒரே கை. யாரும் ஏந்துவது என்று சொல்லிவிடாதபடி விரல்களை விரித்து, எவ்வளவு உயரத்துக்குப் போகுமோ அவ்வளவு உயரத்துக்கு.

"ஒண்ணு" என்றாள் அதிகாரியம்மாள். ரினாத்தின் போன் 'க்ளிக்' என்றது.

"வேற?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், நிஜமாகவே காத்திருந்தாள். பெஞ்சுகள் கிறீச்சிட்டன. தோத்துகான் என் பாவாடையைப் பிடித்து இழுத்து, "சத்தியத்தைக் கெடுத்துட்டியேடி, உக்காருடி" என்றாள். நான் உட்காரவில்லை. கை வலிக்கத் தொடங்கும்வரை நின்றேன். வேறு எந்தக் கையும் எழவில்லை. கிழவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

முடிவு வரும்வரை ஊர் பெருமையில் மிதந்தது. ஒரு கைக்கு மேல் கொடுக்கவில்லை, ரினாத் ஏமாந்து திரும்பினான் பார் என்று பேசிக்கொண்டார்கள். என்னிடம்தான் யாரும் பேசவில்லை. பிறகு முடிவு வந்தது. கோடைத் தண்ணீர் கேட்டவர் ஒரே ஒருவர், ஆகவே மாற்றம் இல்லை. அதற்குப் பிறகு தோத்துகான்கூடக் கிழவரை ஏசவில்லை. அவரைப் பார்த்தால் குடத்தை மாற்றிப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் போனாள். அந்த ஏச்சே தேவலாம் என்று இருந்தது.

பகாஸ் மரங்களை வெட்டவில்லை. கேன்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். கழுதையின் முதுகுப் புண்ணுக்கு மருந்து போட்டான். பை கட்டினான்.

புறப்படும் காலையில் நான் ரொட்டி நீட்டினேன். வழக்கப்படி ஒரு வாய் கடித்தான். மீதியை அவன் திரும்பி வந்து தின்ன வேண்டும் என்று சுவரில் மாட்டி வைத்தேன். பிறகு அப்பா முன்னால் மண்டியிட்டுக் கையேந்தினான். தூரம் போகிற பிள்ளைக்கு ஆசி சொல்லாமல் எந்த அப்பனும் அனுப்பமாட்டான்.

கிழவர் வாய் திறந்தார். "போற வழி வெளிச்சமா இருக்கட்டும்" என்றார். கைகள் முழங்கால் மேலேயே இருந்தன.

"கையை ஏந்துங்க" என்றேன்.

"எதுக்கு?" என்றார் அவர். கேலியாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார்.

பகாஸ் கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு தனக்குத்தானே "ஓமீன்" சொல்லி, முகத்தை வழித்துக்கொண்டு எழுந்தான்.

வேன் இறக்கத்தில் மறைந்த பிறகு, நான் ரொட்டித் துணியை மடிப்பதற்குள் போன் அடித்தது. எதையாவது மறந்துவிட்டானோ என்று பதறி எடுத்தேன்.

"அம்மா, மின்நிலையத்துக்கிட்ட புதுசா ஒரு போர்டு வச்சிருக்காங்க. வீடு உயரத்துக்கு. அதுல நீ இருக்க."

"நானா?"

"நீதான். சுத்தி இருந்த ஆளையெல்லாம் எடுத்துட்டாங்க. நீ மட்டும் ஒத்தக் கையைத் தூக்கிட்டு நிக்கிற. கீழ 'ஊரார் ஆதரவோடு'ன்னு எழுதியிருக்கு."

வேனின் இரைச்சல் கேட்டது, யாரோ சிரிப்பது கேட்டது. அவன் சின்ன வயதுக் குரலில் சொன்னான்: "எழுத்தைப் படிக்காமப் பாத்தா, எனக்கு டாட்டா காட்டுற மாதிரியே இருக்கும்மா."

"அப்படியே வச்சுக்கடா" என்றேன்.

போகாதே என்று தூக்கிய கை அது.